நம் ஊரின் படத்தை நாமே எழுதுவோம்

ஒரு நாட்டின் தேசப்படம் யாருடைய சொத்து? ஆளும் அரசினருடையதா? அதனை அச்சிட்டு விற்கும் வியாபாரியினுடையதா? அன்றி, அந்நிலத்திலே பிறந்து, அதன் வரம்பிலே நடந்து, அதன் வாய்க்காலிலே நீர் பாய்ச்சி வாழும் மக்களுடையதா? இக்கேள்வியை எழுப்பி, அதற்குத் தம் உழைப்பினாலேயே விடையும் கூறிவரும் ஓர் இயக்கம் கடந்த 20 ஆண்டுகளாக உலகெங்கும் வளர்ந்து வருகின்றது. நமது கற்றோரும் கமக்காரரும் அதனை இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை. கவனியாது விடுவதால் வரும் நட்டம் வேறெவருக்குமன்று, நமக்கே.

தேசப்படம் என்றதும் பாடசாலைச் சுவரிலே தொங்கும் ஒரு தாளைத்தான் பலரும் நினைப்பர். ஆனால் ஆட்சியாளர் அதனை ஒருபோதும் அவ்வளவு இலேசாக எண்ணியதில்லை. ஆங்கிலேயர் இந்நாட்டின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய சில ஆண்டுகளுக்குள், 1800 ஆம் ஆண்டிலேயே, நில அளவைத் திணைக்களத்தை நிறுவிவிட்டனர். அப்போது கண்டி இராச்சியம்கூட அவர்கள் கைக்கு வந்திருக்கவில்லை. பின்னர் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமெல்லாம், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியது என்று அது விதித்தது. தலைமுறை தலைமுறையாக ஊரவர் சேனை செய்த நிலமும், மாடு மேய்த்த தரவையும், விறகு பொறுக்கிய காடும் எழுத்தில் இல்லாத காரணத்தால் உரிமையற்றவையாயின. ஏட்டிலும் படத்திலும் இல்லாத ஊர் அதிகாரத்தின் கண்ணுக்கு இல்லாத ஊரே என்னும் பாடத்தை நம் முன்னோர் பெருவிலை கொடுத்துக் கற்றனர்.

இனி, இவ்வியக்கம் எங்கே பிறந்தது என்பதைப் பார்ப்போம். நமக்கு அளவைத் திணைக்களம் தந்த அதே இங்கிலாந்திலேதான் அது பிறந்தது. அங்கே 'ஓட்னன்ஸ் சேவே' என்னும் அரசாங்க அளவை நிலையம் 1791 முதல் இயங்கி வருகின்றது. அதன் படங்கள் மிக நுட்பமானவை. அவற்றைப் பழிப்பார் எவருமிலர். ஆனால் மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு வளர்ந்த அந்நிலையத்தின் படங்களை அம்மக்களே விருப்பம்போற் பயன்படுத்த முடியாதிருந்தது. பிரதி செய்வதற்கும், தம் தொழிலுக்கு எடுத்தாளுவதற்கும் அனுமதியும் கட்டணமும் வேண்டியிருந்தன. அந்நிலையத்தின் படங்களைப் பிரதி செய்தமைக்காக அந்நாட்டின் பெயர்பெற்ற மோட்டார்ச் சங்கமொன்று 2001 ஆம் ஆண்டில் 2 கோடி பவுண் கொடுத்து வழக்கைத் தீர்க்க நேர்ந்தது. பெரிய சங்கத்தின் கதியே இதுவென்றால், சாதாரண மனிதன் என் செய்வான்?

இந்த நிலையிலே, இலண்டனிற் கல்வி பயின்று கொண்டிருந்த ஸ்ரீவ் கோஸ்ற் என்னும் இளைஞர் 2004 ஆம் ஆண்டில் ஒரு யோசனையை முன்வைத்தார். பிறர் வரைந்த படத்தைத் தொடவே வேண்டாம். தெருத் தெருவாக நாமே நடந்து, புதிதாக ஒரு படம் வரைவோம். அதனை உலகத்தார் யாவருக்கும் பொதுவாக்குவோம் என்பதே அந்த யோசனை. செய்மதிகளின் துணைகொண்டு தான் நிற்கும் இடத்தைக் கணித்துச் சொல்லும் சிறு கருவிகள் அக்காலத்திலே மலிவாகத் தொடங்கியிருந்தன. அவற்றைக் கையிற் கொண்டு சைக்கிளிலும் காலிலும் சென்று, சென்ற தடத்தைக் கணினியிற் பதித்து, வீதியின் பெயரைப் பக்கத்தில் எழுதினர். 'ஓப்பன் ஸ்ற்றீற் மப்', அதாவது திறந்த வீதிப்படம், என்று அதற்குப் பெயரிட்டனர்.

தொடக்கத்தில் இதனை விளையாட்டென்று நகைத்தவர் பலர். 2006 ஆம் ஆண்டு மே மாதத்திலே ஏறத்தாழ 40 பேர் இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வைற் தீவிற் கூடி, ஒரு வார இறுதிக்குள் அத்தீவின் பெரும்பாலான வீதிகளைப் பதிந்தனர். அத்தனை பேரும் கூலி பெறாத தொண்டர்கள். நம்மூரிலே கோயிற் கேணியைத் துப்புரவாக்க ஊர் கூடுவது போன்று அவர்கள் கூடினர். இன்று அந்தப் படத்திலே பதிவு செய்துகொண்டோர் தொகை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. அவர்களுள் உண்மையாக உழைப்போர் மிகச் சிறு பங்கினரே எனினும், அச்சிறு பங்கினரின் உழைப்பே உலகெங்கும் படமாய் விரிந்து கிடக்கின்றது. 2010 ஏப்ரிலில் ஓட்னன்ஸ் சேவே நிலையமும் தன் படங்களிற் சிலவற்றை இலவசமாகத் திறந்துவிட்டது. மக்கள் பக்கமிருந்து வந்த நெருக்குதல் வீண்போகவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். மக்கள் கூடி உழைப்பது மட்டும் போதாது. உழைப்பின் பலன் யார் கையிற் சேர்கின்றது என்பதே பெரிது. கூகுள் கம்பனி 2008 ஆம் ஆண்டில் 'மப் மேக்கர்' என்றொரு கருவியைத் தந்து, தன் படத்தைத் திருத்தித் தருமாறு பல நாட்டு மக்களையும் அழைத்தது. இந்தியா, பாகிஸ்தான் போன்ற நாடுகளிலே எண்ணற்றோர் தம் ஊர்களை ஆர்வத்துடன் பதிந்தனர். அவர்கள் பதிந்தது கம்பனியின் படத்திலே. அதை எவ்வாறு பயன்படுத்துவது, என்ன விலைக்கு விற்பது என்பதைத் தீர்மானித்ததும் கம்பனியே. 2017 ஆம் ஆண்டில் அக்கருவி மூடப்பட்டது. மூடலாமா என்று உழைத்தவரின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய கடமையும் இருக்கவில்லை. அயலானின் தோட்டத்திலே கிணறு வெட்டிக் கொடுத்துவிட்டு, தண்ணீருக்கு அவனிடம் கையேந்துவது போன்றது இது.

திறந்த படத்தின் விதி வேறு. 2012 முதல் நடைமுறையிலுள்ள அதன் உரிமப் பத்திரத்தின்படி, அதனை எவரும் எடுக்கலாம், அச்சிடலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் எங்கிருந்து எடுத்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அதன் தரவுகளைத் திருத்தியும் பெருக்கியும் பொதுவிலே பயன்படுத்தினால், அந்தத் திருத்தத்தையும் அதே விதியின்படி யாவருக்கும் திறந்துவிட வேண்டும். ஊர்க் குளத்து நீரை எவரும் பாய்ச்சலாம், குளத்தைத் தன் உறுதியில் எழுதிக்கொள்ள முடியாது என்பதற்கு ஒப்பான விதி இது.

இதனால் விளைந்த நன்மை யாது என்று கேட்போருக்கு மூன்று நாடுகளைக் காட்டுவோம். கென்யா நாட்டின் தலைநகரான நைரோபியிலே கிபேரா என்றொரு பெருஞ்சேரி உண்டு. மக்கள் நெருக்கமாக வாழும் அந்த இடம் வழக்கிலிருந்த படங்களிலே வெற்றிடமாகவே கிடந்தது. 2009 ஆம் ஆண்டின் இறுதியில் அச்சேரியைச் சேர்ந்த 13 இளைஞர்கள் பயிற்சி பெற்று, சில வார காலத்தில் தம் சேரியைப் பதிந்தனர். தண்ணீர்க் குழாய் எங்கே, மலசலகூடம் எங்கே, பாடசாலை எங்கே, மருந்தகம் எங்கே என்பவையெல்லாம் முதன்முதலாக எல்லாரும் காணும் படமாயின. இல்லாத ஊர் இருக்கும் ஊராயிற்று. அதனைச் செய்தோர் பட்டம் பெற்ற அளவையாளர் அல்லர். அவ்வூரின் சந்து பொந்துகளை அறிந்த பிள்ளைகள்.

2010 ஜனவரி 12 ஆம் திகதி ஹெயிற்றி நாட்டைப் பூமியதிர்ச்சி தாக்கியது. தலைநகரான போட்-ஓ-பிரின்ஸ் இடிந்து வீழ்ந்த வேளையில், மீட்புக்குச் சென்றோர் கையிலே அந்நகரின் நல்ல படமொன்று இருக்கவில்லை. செய்மதிகள் எடுத்த புகைப்படங்கள் திறந்துவிடப்பட்டதும், பல நாடுகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான தொண்டர்கள் தத்தம் வீடுகளில் இருந்தவாறே வீதிகளையும், இடிந்த கட்டடங்களையும், மக்கள் ஒதுங்கிய கூடாரங்களையும் சில நாட்களுக்குள் வரைந்து கொடுத்தனர். மீட்புப் பணியினர் அதனைத் தம் கருவிகளிலே ஏற்றிக்கொண்டு சென்றனர்.

மூன்றாவது நாடு நேபாளம். அங்கே காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலே உள்ளூர் இளைஞர்கள் 2012 முதலாகவே பாடசாலைகளையும் வைத்தியசாலைகளையும் ஒவ்வொன்றாகப் பதிந்து வந்தனர். 2015 ஏப்ரில் 25 ஆம் திகதி பூமி அதிர்ந்தபோது, அவர்களிடம் படமும் இருந்தது. படத்தைப் பேணப் பழகிய மனிதரும் இருந்தனர். வெளிநாட்டுத் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் உதவிக்கு வந்தபோது, எங்கே எது தேவை என்று அவர்களுக்கு வழிகாட்டக்கூடிய உள்ளூர்க் கைகள் அங்கே ஆயத்தமாக இருந்தன. ஹெயிற்றியில் ஆபத்து வந்தபின் படம் வந்தது. நேபாளத்திலோ ஆபத்துக்கு முன்பே படம் தொடங்கிவிட்டது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேற்றுமையை நாம் மனத்திற் பதிக்க வேண்டும்.

ஏனெனில், ஆகாயத்திலிருந்து பார்ப்பவனுக்குக் கூரை தெரியும். அது பாடசாலையா, நெற்களஞ்சியமா என்பது தெரியாது. வெள்ளிக் கோடாக வாய்க்கால் தெரியும். அதன் பெயர் தெரியாது. எந்த மதகு மாரியில் மூழ்கும், எந்த ஒழுங்கையால் உழவு இயந்திரம் போகும், எந்தக் குளம் வான் பாய்ந்தால் எந்த வயல் அழியும் என்பன ஊரிலே வாழ்பவனுக்கே தெரியும். அயலவரின் நல்லெண்ணம் எவ்வளவு பெரிதாயினும், பெயரில்லாத கூரைகளைத்தான் அது வரைந்து தரும்.

இந்த வேலை நமக்கு முற்றிலும் புதியதுமன்று. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பொங்கி நம் கிழக்குக் கரையையும் வடக்குக் கரையையும் அழித்ததை மறந்தவர் இலர். 2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டம் பெருவெள்ளத்தில் மூழ்கியதையும் கமக்காரர் மறவார். அதன்பின் 2012, 2013 ஆம் ஆண்டுகளிலே, அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உலக வங்கியும் சேர்ந்து, மட்டக்களப்பு நகரை உள்ளடக்கிய மண்முனை வடக்குப் பிரதேச செயலாளர் பிரிவிலே கட்டடங்களையும் வீதிகளையும் இதே திறந்த படத்திற் பதிவித்தன. பல்லாயிரக்கணக்கான கட்டடங்கள் அவ்வாறு பதிவாயின. ஆகவே, இம்மண்ணிலே இது செய்யக்கூடியதே. ஆயினும், திட்டமென்பது பணத்தோடு வந்து பணத்தோடு போவது. அன்று எழுதிய படத்தை இன்று யார் திருத்துகின்றனர்? புதிதாய் எழுந்த வீட்டையும், இடம் மாறிய பாடசாலையையும், உடைந்த பாலத்தையும் யார் பதிகின்றனர்? வங்கி பதியாது, ஊரார் பதிய வேண்டும்.

பெயர்கள் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நம் நாட்டில் ஊர்ப்பெயர் எவ்வளவு பெரிய விடயம் என்பதை விளக்கத் தேவையில்லை. இத்திறந்த படத்திலே ஒரே இடத்துக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே பெயர் எழுத இடமுண்டு. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை. இரு மொழியினர் வாழும் பெல்ஜியத்தின் தலைநகரான பிறசெல்சிலே, வீதிகளின் பெயர்கள் பிரெஞ்சிலும் டச்சிலும் அருகருகே எழுதப்பட்டிருக்கின்றன. அந்நகரின் பெயரும் அவ்வாறே இரு மொழியிலும் நிற்கின்றது. கண்ணாற் காண்பதையும் அவ்விடத்து மக்கள் வழங்குவதையும் எழுது என்பதே அப்படத்தின் பொது நெறி. எனவே தமிழ்ப்பெயருக்கு இடமில்லை என்று நாம் முறையிட அங்கே நியாயமில்லை. இடம் இருக்கின்றது, எழுதுவார் வேண்டும். வன்னியிலுள்ள சிறு குளங்களின் பெயர்களும், போரினால் இடம்பெயர்ந்து 2009 க்குப் பின் மீண்ட ஊர்களின் பழைய ஒழுங்கைகளின் பெயர்களும், இன்று முதியோர் சிலரின் நினைவிலேதான் தங்கியுள்ளன. அம்முதியோர் மறைந்த பின் எவரைக் கேட்பது?

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். "படம் வரைவது அரசாங்கத்தின் கடமை, நாம் ஏன் இலவசமாய் உழைக்க வேண்டும்?" என்பர் சிலர். அரசாங்கம் தன் கடமையைச் செய்யட்டும். செய்யுமாறு நாமும் வற்புறுத்துவோம். ஆனால் தொங்கலிலுள்ள ஒழுங்கைக்கு அளவையாளர் வரும்வரை அம்புலன்ஸ் வண்டி காத்திருக்காது. "நாம் எழுதுவதை எடுத்துப் பெருங்கம்பனிகள் இலாபம் பெறுமே" என்பர் வேறு சிலர். பெறுகின்றன என்பது உண்மை. அமேசன், மெற்றா, மைக்ரோசொவ்ற் முதலிய கம்பனிகள் இப்படத்தைப் பயன்படுத்துகின்றன. தம் ஊழியரைக் கொண்டு அதிலே எழுதியும் வருகின்றன. ஆயினும் அவை எடுத்ததனாற் படம் குறைவதில்லை. அதே படம் நமக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் பாடசாலைப் பிள்ளைக்கும் காசின்றிக் கிடைக்கின்றது.

"எவரும் எழுதலாம் என்றால், பொய்யும் எழுதலாமே" என்பது மூன்றாவது மறுப்பு. எழுதலாம், எழுதியும் இருக்கின்றனர். 2018 ஆகஸ்டில் ஒருவன் நியூயோர்க் நகரின் பெயரை யூதரை இழிவுசெய்யும் சொல்லொன்றாக மாற்றினான். திறந்த படத்திலே அது விரைவில் திருத்தப்பட்டது. அதன் பழைய பிரதியை எடுத்து விற்ற கம்பனி ஒன்றின் படத்திலேதான் அந்த இழிசொல் பின்னர் வெளிப்பட்டு உலகறியலாயிற்று. யார், எப்போது, எதை மாற்றினார் என்னும் வரலாறு முழுவதும் திறந்த படத்திலே சேமிக்கப்படுகின்றது. ஆகையால் பொய்யை அழித்து முன்னிருந்ததை மீட்கலாம். ஆனால் பொய்யைப் பொய்யென்று கண்டுகொள்ள ஊரை அறிந்த ஒரு கண் விழித்திருக்க வேண்டும். கண்ணில்லாத ஊருக்குக் காவலில்லை.

இந்தக் காவல் இன்மையால் வரும் உண்மையான ஆபத்தை மறைக்க நாம் விரும்பவில்லை. தாய்லாந்திலே, வாடகை வண்டி நடத்தும் கம்பனியொன்று கூலிக்கு அமர்த்தியவர்கள், நிலத்தைக் காணாமல் மேசையிலிருந்தே வீதிகளை வரைந்தனர். அவ்வூர்த் தொண்டர்கள் பல்லாண்டு நடந்து பதிந்தவை சிதைந்தன என்று அவர்கள் முறையிட்டனர். 2018 நவம்பரிலே, அப்படத்தைப் பராமரிக்கும் மன்றத்தின் ஆட்சிக்குழுத் தேர்தல் நெருங்கிய வேளையில், ஒரே கம்பனியின் ஊழியர் ஏறத்தாழ 100 பேர் ஒரே நாளில் அங்கத்துவம் கோரி விண்ணப்பித்தனர். தேர்தலையும் வாக்கையும் நன்கறிந்த நம் வாசகருக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. மன்றத்தார் விழித்துக்கொண்டு, கூட்டமாய்க் கூலிக்கு எழுதுவோர் தம்மை வெளிப்படையாய் அறிவிக்க வேண்டும் என்னும் நெறிமுறைகளை அம்மாதத்திலேயே ஏற்றனர். பொதுச்சொத்து என்பது காவலற்ற சொத்து என்று எண்ணுவோர் எங்கும் உளர். உழைப்போரே ஆட்சியிலும் பங்குகொண்டாலன்றி அச்சொத்து நிலைக்காது.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? பெருந்தொகைப் பணமோ, பெரிய மாநாடோ இதற்கு வேண்டியதில்லை. ஒரு கைத்தொலைபேசி போதும். வாசிகசாலையிலோ பாடசாலையிலோ ஐந்தாறு இளைஞர் ஒரு சனிக்கிழமை கூடட்டும். ஊரிலுள்ள நில அளவையாளரோ பொறியியலாளரோ கணித ஆசிரியரோ ஒருவர் முறையைக் கற்றுக் கொடுக்கட்டும். கமக்காரர் அமைப்பின் மூத்தோர் உடன் நடந்து, குளத்தின் பெயரையும் துருசின் இடத்தையும் வாய்க்காலின் போக்கையும் சொல்லட்டும். வைத்தியர் மருந்தகங்களைச் சரிபார்க்கட்டும். படித்தவனின் கருவியும் உழுபவனின் அறிவும் ஒன்றுசேரவேண்டிய வேலை இது. ஒருவர் இன்றி மற்றவரால் ஆகாது.

அவ்வாறு எழுதுங்கால் சில எல்லைகளையும் பேணவேண்டும். பிறர் விற்கும் படத்தைப் பார்த்துப் பிரதி செய்தலாகாது. நடந்து கண்டதையும், அனுமதி பெற்ற செய்மதிப் புகைப்படத்திற் கண்டதையுமே எழுதவேண்டும். எந்த வீட்டில் யார் வாழ்கின்றார் என்னும் தனிமனித விபரம் அதற்கு உரியதன்று. காணி எல்லை வழக்கை இதிலே தீர்த்துக்கொள்ளலாம் என்றும் எவரும் எண்ணவேண்டாம். உறுதியும், அங்கீகாரம் பெற்ற அளவையாளரின் வரைபடமுமே நீதிமன்றத்தில் நிற்கும். இத்திறந்த படம் அவற்றுக்கு ஈடாகாது. ஆனால் வெள்ளத்தில் வழிகாட்டுவதற்கும், வீதி வேண்டும் என்று மனுக் கொடுப்பதற்கும், இத்தனை குளங்கள் தூர்ந்து கிடக்கின்றன என்று அதிகாரிக்குச் சுட்டிக்காட்டுவதற்கும் இதனைவிட எளிய கருவி நமக்கு இல்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது தொடர்ந்து பேணுதல். வாய்க்காலை ஒருமுறை வெட்டிவிட்டால் நீர் என்றும் பாயும் என்று எந்தக் கமக்காரனும் நம்புவதில்லை. ஆண்டுதோறும் காலபோகத்துக்கு முன் பற்றை வெட்டி, மண் எடுத்து, கட்டுயர்த்த வேண்டும். தன் பங்கைச் செய்யாதவனை ஊர் கேள்வி கேட்கும். ஊரின் படமும் அத்தகையதே. ஒருமுறை எழுதிவிட்டுக் கைவிட்ட படம் ஐந்தாண்டில் பொய் சொல்லத் தொடங்கும். பொய் சொல்லும் படத்தை நம்பி வெள்ளத்தில் வள்ளம் விடுவது, படமே இன்றி விடுவதிலும் கேடானது. ஆதலால் ஒவ்வோர் ஊரிலும் ஆண்டுக்கு ஒருநாளேனும் படத்தைத் துப்புரவாக்கும் நாளாகட்டும்.

பிறர் வரைந்த படத்திலே நம் ஊரைத் தேடி, காணவில்லையென்று வருந்திய காலம் போதும். எழுதுகோல் இன்று எல்லார் கையிலும் இருக்கின்றது. அதனை எடாதிருந்துவிட்டு, நாளை நம் குளத்துக்கு வேறெவரோ வேறொரு பெயர் எழுதிவிட்டார் என்று முறையிடுவோமாயின், அப்போது நம்மைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எழுத இடமிருந்த நாளில் நீர் எங்கே போயிருந்தீர்?